அயலூரைக் காத்த எல்லைக் கல்

வயல்வெளியில் ஒரு கல் இருக்கிறது. சாதாரணக் கல். சிற்பம் கிடையாது. கல்வெட்டு கிடையாது. மேல்பக்கத்தில் ஆறு சிறு குழிகள் மட்டும் இருக்கின்றன.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டன் மாநகரைப் பார்க்கிறார்கள். அரசர்களின் அரண்மனையைப் பார்க்கிறார்கள். கோட்டைகளையும் கோபுரங்களையும் பார்க்கிறார்கள். இந்தக் கல்லைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

ஆனால், அந்த நாட்டில் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதச் சொன்னால், அரண்மனைக்கு முன்னால் இந்தக் கல்லைத்தான் எழுத வேண்டும். அரண்மனை, ஓர் அரசன் எவ்வளவு சேர்த்தான் என்று காட்டும். இந்தக் கல், ஏழைக் குடியானவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டுகிறது.

மலைச்சரிவில் ஒரு சிற்றூர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டெர்பிஷயர் என்று ஒரு மாவட்டம். மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த இடம். அங்கே, ஷெபீல்டு நகரத்துக்குத் தென்மேற்கே, ஒரு மலைச்சரிவில் இருக்கிறது அந்தக் கிராமம்.

ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் "ஏயம்" என்று வரும். ஊரார் சொல்வது "ஈம்". நம்முடைய "ஈமக் கடன்" என்ற சொல் நினைவுக்கு வருகிறது அல்லவா? இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஊரின் கதையைக் கேட்டால், பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்று அந்த ஊரில் சுமார் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல் வீடுகள். பழைய மாதாகோவில். சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளி. பார்ப்பதற்கு அமைதியான ஊர். 1665-ம் ஆண்டு வரை அது யாருக்கும் தெரியாத ஊராகவும் இருந்தது.

துணியோடு வந்த எமன்

அந்த ஆண்டு லண்டன் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. சுமார் ஒரு லட்சம் பேரை அது வாரிக்கொண்டு போயிற்று. பணக்காரர்கள் நகரை விட்டு ஓடினார்கள். ஈம் கிராமத்துக்கும் லண்டனுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் தூரம். "அந்த நோய் இங்கே எங்கே வரப்போகிறது?" என்று ஊரார் இருந்தார்கள்.

ஊரில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருக்கு லண்டனில் இருந்து துணி வந்தது. அது ஈரமாக இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர், துணியை விரித்து நெருப்பருகே உலர்த்தினார். துணிக்குள் தெள்ளுப் பூச்சிகள் இருந்தன. அவற்றோடு நோயும் வந்தது என்று சொல்லப்படுகிறது.

சில நாட்களில் விக்கர்ஸ் காய்ச்சலில் விழுந்தார். செப்டம்பர் 7-ந் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். அதுதான் முதல் சாவு. பிறகு பக்கத்து வீடு. அதற்கு அடுத்த வீடு. நோய் தெருவோடு நடந்தது.

எதனால் நோய் வருகிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. காற்றில் வருகிறது என்றார்கள். கடவுளின் கோபம் என்றார்கள். நோய்க் கிருமியை அலெக்சாண்டர் எர்சின் என்ற விஞ்ஞானி ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-ம் ஆண்டில். எலியிடம் இருந்து தெள்ளுப் பூச்சி வழியாக அது மனிதனுக்கு வருகிறது என்று, பிரெஞ்சு டாக்டர் சீமோன் கராச்சியில் சோதனை செய்து சொன்னது 1898-ம் ஆண்டில். அதாவது, ஈம் கிராமத்து மக்கள் இறந்து 230 ஆண்டுகளுக்குப் பிறகு!

அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நோய் ஆளோடு ஆளாகப் போகிறது.

இரண்டு பாதிரியார்கள்

குளிர்காலத்தில் நோய் கொஞ்சம் தணிந்தது. 1666-ம் ஆண்டு கோடையில் மறுபடியும் சீறி எழுந்தது. ஊரார் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

அப்போது ஊரின் பாதிரியார் வில்லியம் மோம்பெசன். வயது 28. ஊருக்குப் புதியவர். அவருடைய பேச்சை மக்கள் அவ்வளவாகக் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்கு முன்பு அங்கே இருந்தவர் தாமஸ் ஸ்டான்லி. அரசாங்கம் கட்டளையிட்ட வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் அவரைப் பதவியில் இருந்து நீக்கிவிட்டார்கள். மக்களின் மனமோ ஸ்டான்லியிடம்தான் இருந்தது.

பதவி இழந்தவர் ஒருவர். அந்தப் பதவியில் உட்கார்ந்தவர் இன்னொருவர். கொள்கையும் வேறு. இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருந்தால் அது ஒன்றும் அதிசயம் அல்ல. ஆனால் ஊர் எரியும்போது இருவரும் ஒன்றாக நின்றார்கள். மோம்பெசன் கூப்பிட்டார், ஸ்டான்லி வந்தார்.

ஜூன் மாதத்தில் இருவரும் ஊராரிடம் பேசி மூன்று முடிவுகளைச் செய்தார்கள்.

ஒன்று: இறந்தவரை அந்தந்தக் குடும்பத்தாரே, தங்கள் வீட்டுத் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்யவேண்டும். மாதாகோவில் கல்லறைக்குக் கொண்டு வரக்கூடாது.

இரண்டு: மாதாகோவிலைப் பூட்டிவிட வேண்டும். ஊருக்கு அருகே உள்ள பள்ளத்தில், திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று ஜெபம் செய்யவேண்டும்.

மூன்று: யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது.

மூன்றாவது முடிவுதான் பயங்கரமானது. "நாம் இங்கேயே இருப்போம். செத்தாலும் இங்கேயே சாவோம். அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டு போகமாட்டோம்" என்பது அதன் அர்த்தம்.

காடியில் நனைந்த காசு

சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருட்களை அனுப்பினார். பக்கத்து ஊர்க்காரர்களும் ரொட்டியும் இறைச்சியும் மற்றச் சாமான்களும் கொண்டு வந்தார்கள். எல்லையில் குறிப்பிட்ட இடங்களில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு ஈம் கிராமத்தார் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட ஓர் இடம்தான் ஆறு குழிகள் உள்ள அந்தக் கல். அது ஈம் கிராமத்துக்கும் ஸ்டோனி மிடில்டன் என்ற அடுத்த கிராமத்துக்கும் நடுவே இருக்கிறது. குழிகளில் வினிகர் என்னும் காடியை ஊற்றி, அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள். காடி நோயை முறிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. சாமான் கொண்டு வந்தவர் அந்தக் காசை எடுத்துக்கொள்வார்.

சாகப் போகிறவன்கூட வாங்கிய பொருளுக்குக் காசு வைத்தான். அந்தக் காசினால் அடுத்தவனுக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்று அதைக் கழுவியும் வைத்தான். இந்தக் கல்லைப் பார்க்கும்போது மனதில் நிற்க வேண்டிய விஷயம் இது.

எட்டு நாளில் ஏழு குழிகள்

ஊருக்குக் கிழக்கே சுமார் அரை மைல் தூரத்தில், வயல் நடுவே வட்டமான ஒரு கல் சுவர் இருக்கிறது. அதற்குள் ஒரு குடும்பத்தின் கல்லறைக் கற்கள். ரைலி கல்லறைகள் என்று பெயர்.

அங்கே வாழ்ந்தவர் எலிசபெத் ஹான்காக் என்ற தாய். 1666-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி தொடங்கி 10-ந் தேதிக்குள், எட்டே நாட்களில், அவர் கணவரும் ஆறு பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். உதவிக்கு வர ஆள் இல்லை. வரவும் கூடாது. அந்தத் தாயே குழி வெட்டினார். அந்தத் தாயே உடல்களை இழுத்துச் சென்று மண் போட்டார்.

அவரை நோய் தொடவில்லை. வெளியூரில் இருந்த ஒரு மகன் மட்டும் மிஞ்சினான். பின்னர் அவர் அந்த மகனிடம் போய்ச் சேர்ந்தார்.

மோம்பெசனின் வீட்டையும் நோய் விடவில்லை. அவர் தம் குழந்தைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனைவி காதரைனையும் போகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கணவருடன் சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தார். ஆகஸ்டு 25-ந் தேதி அவரும் இறந்தார்.

1666-ம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தோடு நோய் ஓய்ந்தது. 14 மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 260 பேர். ஊரில் மொத்தம் 350 பேர்தான் இருந்தார்கள் என்பது பழைய கணக்கு. சுமார் 700 பேர் இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த ஆராய்ச்சி. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாண்டார்கள்.

சுற்றுப்புற ஊர்களுக்கு நோய் பரவவில்லை என்றே வரலாறு சொல்கிறது.

தியாகமா? கட்டாயமா?

"இதெல்லாம் மிகைப்படுத்திய கதை" என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

வசதி உள்ள சிலர் முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் போவதற்கு இடம் ஏது? நோய் வந்த ஊர்க்காரனை யார் வீட்டில் சேர்ப்பார்கள்? ஆகவே அவர்கள் தாமாக இருந்தார்களா, வேறு வழியின்றி இருந்தார்களா என்று கேட்கிறார்கள். பிற்காலத்துக் கவிஞர்களும் எழுத்தாளர்களும் கதைக்கு மெருகு ஏற்றிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2016-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்த ஊரில் நோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேருக்கு மனிதரிடம் இருந்தே நோய் தொற்றியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அப்படியானால், ஊரை அடைத்தது அயலூரைக் காத்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு ஆபத்தைக் கூட்டியது என்றுதான் ஆகிறது.

இந்தக் கேள்விகளால் ஈம் கிராமத்தாரின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது.

பயம் இல்லாதவர்கள் அங்கே தங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஓட நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஓடியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஊரில் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கல்லுக்கு அப்பால் ஒரு சாண் நிலம். அதில் கால் வைத்தால் தடுக்கப் பட்டாளம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்து, ஒருவரால் ஒருவர் தைரியம் பெற்று நின்றார்கள். பயந்து நடுங்கியவர்கள் செய்த தியாகம் என்பதால்தான் அது பெரிய தியாகம்.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தபோது, உலகம் முழுவதும் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே, அது நினைவிருக்கும். சாமானைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னோம். உற்றாரின் முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்தவர்கள் எத்தனை பேர்! அதை அனுபவித்தவர்களுக்கு ஈம் கிராமத்தின் கதை பழங்கதை அல்ல.

நடந்தே பார்க்க வேண்டும்

இந்த ஊரை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

காரில் வருகிறார்கள். மாதாகோவிலுக்கு அருகே இறங்குகிறார்கள். அங்கே சுமார் 1,200 ஆண்டுப் பழமையான கல் சிலுவை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிறார்கள். அதன் பக்கத்தில் காதரைனின் கல்லறை. அதையும் பார்க்கிறார்கள். உள்ளே போனால், கொள்ளைநோய்க் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்; 1985-ம் ஆண்டில் வைத்தது. பக்கத்திலே நோய் புகுந்த வீடுகள். வாசலில் பலகை மாட்டி, அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதியிருக்கிறார்கள். 1994-ம் ஆண்டில் திறந்த காட்சிசாலையும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள்.

அவர்கள் ஊரைப் பார்த்தார்கள். எல்லையைப் பார்க்கவில்லை.

ஊரில் இருந்து எல்லைக் கல்லுக்கு வயல் நடுவே ஒற்றையடிப் பாதை போகிறது. குழந்தைகள்கூட நடக்கலாம். அங்கே நின்று எதிரே பார்த்தால், ஸ்டோனி மிடில்டன் பக்கம் கண்ணுக்கு அருகிலேயே இருக்கிறது. "இவ்வளவு பக்கத்திலா!" என்று தோன்றும். அந்த எண்ணம் புத்தகத்தைப் படித்தால் வராது. நடந்து போய் நின்றால்தான் வரும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உயிர் இருந்தது. ஆனாலும் போகவில்லை!

ரைலி கல்லறைகளுக்கு நடந்து போனால், அந்தத் தாய் எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்பது விளங்கும்.

ஊருக்கு வடக்கே மலைமேல் ஒரு நீரூற்று. மோம்பெசன் கிணறு என்று பெயர். அதுவும் சாமான் வைத்த இடந்தான். அங்கே ஓடும் நீரில் காசு போட்டு வைத்தார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். பட்டினியும் துக்கமுமாக இருந்தவர்கள் சுமை எடுத்துக்கொண்டு இந்த மேட்டில்தான் ஏறி இறங்கினார்கள்.

இன்னும் மேலே போனால் 1,400 அடி உயரமுள்ள சர் வில்லியம் குன்று. அந்தப் புதர்க்காட்டில் வெண்கலக் காலத்து மக்கள் நட்டு வைத்த கல் வட்டமும் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஈம் ஒரு சிறு புள்ளி. சுற்றிலும் எத்தனையோ ஊர்கள். அந்த ஊர்களைக் காப்பாற்றியது இந்தப் புள்ளி.

வழி இருந்தால்தான் வரலாறு

இந்த வயல்கள் எல்லாம் தனியாருக்குச் சொந்தமானவை. பிறகு எப்படி யார் வேண்டுமானாலும் நடக்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும், பொது நடைபாதை என்று பதிவானால் அதில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. நிலத்துக்காரர் வழியை அடைக்கக் கூடாது.

இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. அதே மலைநாட்டில் கிண்டர் ஸ்கவுட் என்ற பெரிய மலை இருக்கிறது. அதைப் பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, மான்செஸ்டர் முதலிய ஊர்களில் இருந்து சுமார் 400 பேர், பெரும்பாலும் தொழிலாளிகள், தடையை மீறி அதன் மேல் நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது வேறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்க ஒரு வழி!

1949-ம் ஆண்டில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ம் ஆண்டில் இந்த மலைநாடு பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஈம் கிராமமும் அதற்குள் இருக்கிறது.

ஒரு கல்லைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அதற்குப் போகும் வழியையும் காப்பாற்ற வேண்டும். வழி அடைபட்டால் கல் மறந்துபோகும். கல் மறந்தால் கதையும் மறந்துபோகும். இதை ஆங்கிலேயர்கள் உணர்ந்திருக்கிறார்கள். எந்த நாட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

வேடிக்கை பார்க்கலாமா?

"செத்தவர்களின் வீட்டைக் காட்டி யாத்திரிகர்களைக் கூட்டுவது சரிதானா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

வேடிக்கை பார்க்கப் போனால் தவறுதான். கல்லறையில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதும், பலகையில் உள்ள பெயரைப் படித்துச் சிரிப்பதும் பண்பு அல்ல. ஆனால் மறந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. 260 பேரின் பெயரையும் அந்த ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முன்னோர்கள் ஜெபம் செய்த அந்தப் பள்ளத்தை நினைத்து நினைவு நாள் கொண்டாடுகிறது. பெயரைச் சொல்லி நினைக்கிற ஊரை, வியாபாரம் செய்கிற ஊர் என்று பழிக்கலாமா?

மோம்பெசன் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த ஊரார் நோய்க்குப் பயந்து, முதலில் அவரை ஊருக்குள்ளேயே விடவில்லை என்று சொல்லப்படுகிறது. ஸ்டான்லி ஈம் கிராமத்திலேயே இருந்து, 1670-ம் ஆண்டில் அங்கேயே காலமானார். இருவருக்கும் அரசர் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

எல்லைக் கல்லின் குழிகளில் இப்போதும் காசு கிடக்கிறது. நடந்து வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது காணிக்கை அல்ல, கடன். முன்னூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், முன்பின் தெரியாத அயலூரானுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்குச் செலுத்துகிற கடன்.

அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைக்கிறவர்கள், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகட்டும். காரை ஊரில் நிறுத்திவிட்டு, அந்த அரை மைலை நடக்கட்டும். பிள்ளையின் கையில் ஒரு காசைக் கொடுத்து, குழியில் போடச் சொல்லட்டும். "எதற்கு?" என்று பிள்ளை கேட்கும். அப்போது கதையைச் சொல்லலாம்.